புயல் கணிக்கும் வேலை: மகள் கேட்கிறாள், அனுப்பலாமா?

17 அக்டோபர் 2024, காலை 9.10. பெரம்பூர் வாசகி ஒருவரின் கேள்வி

என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புயலையும் பெருமழையையும் முன்கணிக்கும் வானிலையாளராகத்தான் ஆவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நேற்று சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆனால் எங்கள் மொட்டைமாடியில் துணி காய்ந்தது. இப்படிப் பொய்த்துப்போகும் ஒன்றை வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? கைப்பேசிச் செயலியே மழை சொல்லும் காலத்தில் இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்? இரவுப் பணி உண்டாமே, அதையும் யாராவது சொல்லுங்கள்.

17 அக்டோபர் 2024, இரவு 8.40

கடலோர வானிலை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நேற்றைய நாளை வைத்தே தொடங்கலாம்.

வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். அதனால் மையத்துக்கு வடக்கே உள்ள கரைக்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வரும். தெற்கே உள்ள கரைக்கு நிலத்திலிருந்து வறண்டு வரும். இன்று அதிகாலை அந்த மண்டலம் சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. எனவே நகரம் அதன் தெற்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. மழைமேகங்கள் தெற்கு ஆந்திரத்தை நோக்கிப் போயின. அதே மண்டலம் அதே வலிமையோடு புதுச்சேரிப் பக்கம் கடந்திருந்தால் உங்கள் மொட்டைமாடிக் கதை வேறாக இருந்திருக்கும். கடலுக்குள் இருக்கும் ஒரு சுழற்சியின் மையத்தை ஒரு நாளுக்கு முன்பே குறிக்கும்போது, உலகில் எந்த வானிலை மையம் கணித்தாலும், சராசரியாகப் பல பத்து கிலோமீட்டர் பிழை வரும். சென்னைக்கு மழையா வெயிலா என்பதை அந்தப் பல பத்து கிலோமீட்டர்தான் தீர்மானித்தது.

இன்னொன்று. அதற்கு முந்தைய நாள், 15ஆம் தேதி, நகரத்தில் நன்றாகவே பெய்தது. அந்த மழையை இரண்டே நாளில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். பெய்த மழைக்குக் கணித்தவரை யாரும் பாராட்டுவதில்லை, பெய்யாத மழைக்கு மட்டும் கேள்வி கேட்பார்கள் என்பதை உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

18 அக்டோபர் 2024, காலை 7.15

படிப்பைப் பற்றி நேற்று எழுதவில்லை. இயற்பியலும் கணிதமும் அடித்தளம். அதற்கு மேல் வானிலையியலில் முதுகலை படிக்கத் தென்னிந்தியாவில் பழைய, நல்ல துறைகள் இரண்டு உண்டு: ஒன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மற்றொன்று விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. புனேயிலும் படிக்கலாம். ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்பினால் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் தில்லி ஐ.ஐ.டி.யிலும் வளிமண்டல அறிவியலுக்குத் தனி மையங்கள் இருக்கின்றன. வேளாண் வானிலை என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குள் நுழைய இரண்டு வாசல்கள். முதலாவது, மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் அறிவியல் உதவியாளர் தேர்வு. இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம் இருந்தால் அதை எழுதலாம்; 60 விழுக்காடு வேண்டும். 2022இல் வந்த அறிவிப்பில் 990 இடங்கள் இருந்தன. இரண்டாவது, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மேல் நேரடியாக விஞ்ஞானி பதவி. எந்த வாசல் வழியாக வந்தாலும், முன்கணிப்பு மேசைக்கு வருவதற்குப் புனேயில் உள்ள வானிலைப் பயிற்சி நிறுவனத்தில் படித்தாக வேண்டும். காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சொல்லும் பாய்ம இயக்கவியல் சமன்பாடுகளைக் கல்லூரியில் படித்தது எதற்கு என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

18 அக்டோபர் 2024, காலை 11.50

சம்பளம் கேட்டிருக்கிறார்கள். அறிவியல் உதவியாளர் பதவி ஏழாவது ஊதியக் குழுவின் ஆறாம் நிலையில் வருகிறது. அடிப்படை 35,400 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் வகுப்புத் தோழியோடு ஒப்பிட்டால் மனம் சுருங்கும். ஒப்பிடாமல் இருக்க முடியாது என்றால் இந்தத் துறை வேண்டாம்.

20 அக்டோபர் 2024, மாலை 6.05

"செயலியில் வருவதைப் படித்துச் சொல்வதற்கு ஒரு விஞ்ஞானி எதற்கு? இதற்கு என் தெரு முனை ஜோசியரே போதும்" என்று குரோம்பேட்டை நண்பர் எழுதியிருக்கிறார். ஜோசியர் தன் கணிப்பை மணிநேரம் குறித்து, அச்சிட்டு, மறுநாள் சரிபார்ப்புக்கு வைப்பதில்லை என்பதைத் தவிர இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லைதான்.

செயலி காட்டுவது பெரும்பாலும் ஒரு கணினி மாதிரியின் நேரடி வெளியீடு. அந்த மாதிரி பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பைத்தான் கணக்கிடுகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மயிலாப்பூரும் மீனம்பாக்கமும் அதற்கு ஏறக்குறைய ஒரே ஊர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது தாம்பரத்தில் 49 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே நகரம், ஒரே இரவு.

ஒரே கணினி மாதிரியைத் தொடக்க நிலைகளைச் சிறிது சிறிதாக மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட முறை ஓட்டிப் பார்ப்பார்கள். அவை காட்டும் புயல் பாதைகள் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் முன்கணிப்பாளர் நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். விசிறியாக விரிந்தால் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு கணினி மாதிரி வங்கக் கடலில் சுழற்சியை வழக்கமாக வடக்கே இழுக்கும், வேறொரு கணினி மாதிரி மழையை மிகைப்படுத்தும் என்ற நினைவு, அதிகாலை பறக்கவிட்ட பலூன் அளந்து அனுப்பிய மேலடுக்குக் காற்றின் விவரம், துறைமுக ரேடார் காட்டும் மேகப்பட்டைகள், காரைக்காலில் இறங்கிக்கொண்டிருக்கும் காற்றழுத்தம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டும். மேலும் செயலி மாவட்ட ஆட்சியரோடு பேசாது. ஏரியைத் திறக்கலாமா என்று கேட்கும் பொறியாளருக்குப் பதில் சொல்லாது.

20 அக்டோபர் 2024, இரவு 9.30

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியானால் 2021 டிசம்பர் 30?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அன்று பிற்பகல் தொடங்கிய மழை மாலைக்குள் நகரத்தை முடக்கியது. அந்த அளவுக்குப் பெய்யும் என்று காலையில் யாரும் சொல்லவில்லை. கடலோரத்தில் சில மணி நேரத்துக்குள் திரண்டு, நகராமல் ஒரே இடத்தில் கொட்டும் மேகக்கூட்டம் புயலைவிடக் கடினமான பகைவன். புயல் நாள்கணக்கில் நடந்து வருகிறது. செயற்கைக்கோளில் அதைப் பார்க்கலாம். இந்த மேகமோ முன்னறிவிப்புத் தராமல் பிறக்கிறது. இங்கே உதவுவது மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்கணிப்பு மட்டுமே. அதற்கு ரேடார் வேண்டும். 2002 முதல் துறைமுகப் பகுதியில் உள்ள ரேடார் கடலுக்குள் நெடுந்தூரம் பார்க்கும். 2022 ஜனவரியில் பள்ளிக்கரணையில் செயல்படத் தொடங்கியது எக்ஸ் அலைவரிசை ரேடார். தூரம் குறைவு, நுணுக்கம் அதிகம். ஆனால் அடர்ந்த மழைக்குள் அதன் அலை வலுவிழந்துவிடும் என்பதால் மழைக்கு அப்பால் இருப்பதை அது குறைத்துக் காட்டக்கூடும். எந்தக் கருவியை எந்த இடத்தில் நம்பக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்த வேலையில் அடக்கம்.

23 அக்டோபர் 2024, காலை 6.45

இரவுப் பணி பற்றிக் கேட்டதற்கு இப்போதுதான் வருகிறேன். உண்டு, தவிர்க்க முடியாது. உலக வானிலைக் கடிகாரம் கிரீன்விச் நேரப்படி ஓடுகிறது. அதன் பூஜ்ய மணி நமக்கு விடியற்காலை 5.30, அந்த நேரத்துக்கான பலூன் அதற்கும் முன்பே பறந்தாக வேண்டும். காலை 8.30 வரைபடம் அன்றைய தலையாய வரைபடம். புயல் உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு செய்திக்குறிப்பு, கரையை நெருங்கும்போது மணிக்கு ஒன்று. தீபாவளி, பொங்கல் எல்லாம் மற்றவர்களுக்கு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் ஒரே நேரத்தில் வருவதால் எங்கள் வீட்டில் பட்டாசு வாங்கியதெல்லாம் என் மனைவிதான்.

வர்தா புயல் கரையைக் கடந்த 2016 டிசம்பர் 12 அன்று நான் பணியில் இருந்தேன். பிற்பகலில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சாலைகளில் மரங்கள் விழுந்துவிட்டதால் என்னை விடுவிக்க வேண்டியவர் வந்து சேரவில்லை. நானும் எழுந்து போக முடியவில்லை. நகரம் முழுவதற்கும் காற்றின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு நங்கநல்லூரில் என் வீட்டு ஜன்னல் இருக்கிறதா இல்லையா என்று இரவு வரை தெரியாது. ஜன்னல் இருந்தது, பக்கத்து வீட்டு வேப்பமரம் இல்லை. உங்கள் மகள் புயல் நாளில் உங்களோடு இருக்க மாட்டாள் என்பதை நீங்களும் சேர்ந்துதான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெண்கள் வரலாமா என்பது கேட்கவே வேண்டாத கேள்வி. கேரளத்தின் பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி நம் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், சி.வி. ராமனின் ஆய்வகத்தில் பணியாற்றி, லண்டன் சென்று கருவியியல் கற்று, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். இந்தியாவின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்து தரப்படுத்தியவர்களில் முதன்மையானவர். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார்.

2 நவம்பர் 2024, பிற்பகல் 3.20

18ஆம் தேதி எழுதியதில் ஒன்றைத் திருத்த விரும்புகிறேன். எஸ்.எஸ்.சி. தேர்வை முதல் வாசல் என்று சொன்னதைப் படித்துவிட்டு, அதற்காக வேலைக்குப் போகாமல் காத்திருக்கலாமா என்று ஒரு இளைஞர் கேட்டிருக்கிறார். கூடாது. அந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. 2017இல் வந்தது, அடுத்தது 2022. எனவே முதுகலையைத் தொடருங்கள். அறிவிப்பு வந்தால் எழுதுங்கள்.

அரசுத் துறை மட்டுமே வழி என்ற தொனியில் எழுதிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. காற்றாலை மின்சாரம் நாளை எவ்வளவு வரும் என்று கணிப்பதற்குத் தனியார் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் இந்தத் துறையில்தான் இயங்குகிறது. அதே வளாகத்தை ஒட்டியுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை வைத்திருக்கிறது. புயல் நெருங்கும்போது அந்த மிதவையிலிருந்து வரும் ஒரு அழுத்த எண்ணுக்காக முன்கணிப்பாளர் காத்திருப்பார். விமானப்படைக்குத் தனி வானிலைப் பிரிவு உண்டு. கப்பல் நிறுவனங்கள், பயிர்க் காப்பீடு என்று வேறு சில இடங்களும் இருக்கின்றன.

ஆனால் எச்சரிக்கை விடும் பொறுப்பு அரசுத் துறையிடம்தான். மகள் விரும்புவது அந்தப் பொறுப்பையா, வானத்தையா என்று கேட்டுப் பாருங்கள். வானம் மட்டும் போதும் என்றால் தமிழ்நாட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டே வானிலை எழுதும் ஆர்வலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் மிக நன்றாக எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று எழுதலாம். அலுவலகக் குறிப்பில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை.

கணினி நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் போதும். பேசவும் தெரிய வேண்டும். தொலைக்காட்சியில் மழை அறிவிப்புச் சொல்லிவந்த சென்னை வானிலை மைய அதிகாரி எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வுபெற்றபோது பள்ளி மாணவர்கள் வருந்தியது விடுமுறைக்காக என்றாலும், கடினமான ஒன்றை அமைதியாக, நல்ல தமிழில், பதற்றமின்றிச் சொல்லக்கூடிய ஒருவரை அவர்களின் பெற்றோர் நம்பினார்கள் என்பதும் உண்மை.

28 நவம்பர் 2024, இரவு 10.10

இலங்கைக்கு அருகே ஆழ்ந்த தாழ்வு மண்டலம் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. புயலாகும் என்றார்கள், இப்போது, புயலானாலும் சிறிது நேரத்துக்குத்தான், கரையைக் கடக்கும்போது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே இருக்கும் என்கிறார்கள். கேலி தொடங்கிவிட்டது. பெரம்பூர் அம்மாவின் மகள் இந்த இரண்டு நாட்களும் செய்திக்குறிப்புகளை நேர வரிசையில் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாடநூலிலும் இது கிடைக்காது.

29 நவம்பர் 2024, மாலை 5.25

பிற்பகல் 2.30 மணி நிலவரப்படி ஃபெஞ்சல் புயல் உருவாகிவிட்டது.

"காலையில் ஆகாது, மாலையில் ஆகிவிட்டது, என்ன விஞ்ஞானம்?" என்ற கேள்விக்கு: காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர் வரை இருந்தால் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63ஐத் தொட்டால் புயல். நடுக்கடலில் அந்த ஒரு கிலோமீட்டரை அளக்க யாரும் காற்றுமானியோடு நிற்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகப்பட்டை எவ்வளவு சுருண்டிருக்கிறது, உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, டுவோராக் முறையில் ஒரு எண் கொடுப்பார்கள், 2.5 என்றால் புயல். மேலடுக்கில் காற்று வெவ்வேறு திசையில் வலுவாக வீசினால் மேகத்தொகுதி மையத்தை விட்டுச் சரிந்துவிடும், அந்தக் காற்று தளர்ந்தால் மேகம் மீண்டும் கூடிவிடும். எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் ஒரு மண்டலத்துக்குப் பெயர் வைப்பதா வேண்டாமா என்று காலையில் ஒரு முடிவு, பிற்பகலில் வேறு முடிவு. பிற்பகலில் முடிவை மாற்றினால் சிரிப்பார்கள் என்று தெரிந்தே மாற்றியவரைத்தான் நான் நல்ல முன்கணிப்பாளர் என்பேன். முன்பு சொன்னதைக் காப்பாற்றுவதற்காகப் புதிய படத்தைப் பார்க்க மறுப்பவர்களும் இந்த வேலையில் உண்டு, அவர்கள் ஆபத்தானவர்கள்.

1 டிசம்பர் 2024, பிற்பகல் 12.40

நேற்று நண்பகல் முதல் சென்னை விமான நிலையம் மூடியிருந்து இன்று அதிகாலை திறந்திருக்கிறது. புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகரவில்லை. கடக்கும் இடத்தை ஓரளவு சரியாகச் சொல்லலாம். கடந்த பின் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில்தான் மழையின் அளவு இருக்கிறது. காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல், மயிலத்தில் 50 செ.மீ. அளவில். அக்டோபர் 17ஆம் தேதி எழுதிய வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் கணக்கை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: மயிலம் புதுச்சேரிக்கு வடமேற்கே இருக்கிறது.

3 டிசம்பர் 2024, காலை 8.50

ஊத்தங்கரையில் நேற்றுக் காலை வரை 50 செ.மீ. கிருஷ்ணகிரி மாவட்டம், கடலிலிருந்து அவ்வளவு தூரம். வலுவிழந்த மண்டலம் என்ற சொல்லைக் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். காற்றுதான் வலுவிழக்கிறது, நீராவி அப்படியே மேற்கே போகிறது. கரையோர மாவட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பழைய பழக்கத்தை இந்த ஒரு வாரம் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது. உங்கள் மகள் தலைமுறை முன்கணிப்பாளர்கள் அதிகம் உழைக்க வேண்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

குரோம்பேட்டை நண்பர், "ஜோசியரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். வேண்டாம், அவரும் இருக்கட்டும். கல்யாணத் தேதி கேட்டு எங்களுக்கு வரும் அழைப்புகளை அவர் பக்கம் திருப்பிவிடலாம். நவம்பர் மாத முகூர்த்தத்தில் மழை வருமா என்று ஆகஸ்டிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

9 மார்ச் 2025, காலை 10.00

வாசகி மீண்டும் எழுதியிருக்கிறார். மகள் நவம்பர் 28 முதல் டிசம்பர் 2 வரையிலான குறிப்புகளை முழுவதும் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நடந்ததையும் எழுதியிருக்கிறாளாம். எத்தனை முறை மாறியது என்று எண்ணாமல், ஏன் மாறியது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். இனி அனுப்பலாமா வேண்டாமா என்ற விவாதம் உங்கள் வீட்டில் முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். இரவுப் பணியைப் பற்றித் தந்தைக்கு இன்னும் தயக்கம் என்கிறீர்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தலைமைப் பொறுப்பை பா. அமுதா ஏற்றிருக்கும் செய்தியை அவரிடம் காட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கொச்சிப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு அறிவிப்பை அடுத்த ஆண்டுக்காக இப்போதே பார்த்துவைத்து, துணைப்பாடக் கணிதத்தில் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கோடையில் பைத்தானில் ஒரு காற்றழுத்த வரைபடம் வரையக் கற்கட்டும். அதற்கு முன் வெறும் பென்சிலால் காலை 8.30 மணி எண்களை வைத்துச் சம அழுத்தக் கோடுகளைக் கையால் வரைந்து பழகட்டும். நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன். எஸ்.எஸ்.சி. அறிவிப்பு ஏதேனும் வந்தால் தேதியை இதன் கீழேயே எழுதுகிறேன்.